பைராமில் ஒரு சந்திரா

வந்திருந்தோர் நால்வர். சன்னலோரம், கணினிக்கு முன்னால் கிடந்த சுழல் நாற்காலியில் சந்திரசேகரன். அது அவருடைய இடம் என்று யாரும் சொன்னதில்லை. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததும் இல்லை. அவருக்கு எதிரே, அடுக்கி வைத்த காகிதக் கட்டுகளின்மேல் பத்மாவதி. கீழே ஆள் வந்தால் சட்டென்று இறங்கிப்போக வசதியாக, மாடிப்படியின் கடைசிப் படியில் அச்சுக்கடைக்காரர் சீனி முகம்மது. கதவோரம் முக்காலியில் குறிப்பேட்டோடு நான், அம்பிகைபாகன், செயலாளர். ஜார்ஜ்டவுனில் சீனி முகம்மதுவின் கடை மாடி. 1997, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி.

தமிழில் தட்டி அச்செடுக்க லினக்ஸில் ஓடும் நிரல் ஒன்றை நாங்கள் எழுதியிருந்தோம். இலவசம். மூல வரிகளையும் சேர்த்தே கொடுத்தோம். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒரே தொல்லை, டிஸ்கெட்டில் போவது வெறும் வரிகள்தாம். வாங்கியவர் தம் கணினியில் அவற்றைக் கட்டியெடுத்தால்தான் நிரல் ஓடும். அந்தக் கட்டும் வேலையை எப்படிச் செய்விப்பது என்பதே அன்றைய குழுக் கூட்டத்தின் இரண்டாம் பொருள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எங்கள் நிரலைப் பயன்படுத்தும் குணவதி டீச்சரிடம், செவ்வாய்க்கிழமை வேறு ஐந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் டிஸ்கெட் வாங்கிப்போக வருகிறார்கள். எங்களுக்கோ அது வேலை நாள், நேரில் போய் உதவ முடியாது. அவரவர் பள்ளியில் நிரல் ஓடாவிட்டால் பழையபடி தட்டச்சுப்பொறிக்கே போய்விடுவார்கள். அப்புறம் எங்களை யாரும் சீண்ட மாட்டார்கள். பகல் பன்னிரண்டரைக்குத் தபால் நிலையம் மூடுமுன் டிஸ்கெட்டுகள் போயாக வேண்டும்.

“கட்டுறதுக்கு என் மேக் கோப்பு நாப்பது வரிதான். படிச்சா புரியும்,” என்றார் சந்திரசேகரன். “பத்மா சொல்ற கன்ஃபிகர் எத்தன வரி தெரியுமா? ஆயிரக்கணக்குலா! எழுதுனவனே படிச்சிருக்க மாட்டான்.”

“யாரும் படிக்க வேணாம் அண்ணே. எது எங்க இருக்குனு அதுவே தேடிக்கும். உங்க கோப்புல எல்லாம் உங்க மெஷின்ல இருக்குற ‘சந்திரா’ வீட்டு விலாசம்தான் இருக்கு.”

“ஒரு வரிய மாத்துனா போதும்.”

“யாரு மாத்துறது?”

“பாகன்தான் ஏழு பக்கத்துக்கு எழுதி அனுப்புறாரே, அப்புறம் என்னா?”

வாக்கெடுத்தேன். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. சீனி முகம்மது, “எனக்கு ரெண்டும் ஒன்னுதான் தம்பி. டீ குடிப்பமா, தே தாரிக் வாங்கியாரவா?” என்றார். செயலாளர் வாக்களிப்பதில்லை, விதியை எழுதியவனும் நான்தான். மணி பத்தரை ஆகிவிட்டதால் மூன்றாம் பொருளுக்குப் போனேன். கடிதங்கள்.

குழுவுக்கு வரும் கடிதத்தைக் குழுவின் முன்னால்தான் பிரிப்பேன். முந்தின நாள் வந்திருந்தது ஒன்று, குணவதி டீச்சருடையது. உரக்கப் படித்தேன்.

“தங்கள் நிரல் நன்றாக ஓடுகிறது. பன்னிரண்டாம் வரியில் ‘சந்திரா’ என்றிருப்பதை என் பெயராக மாற்றும்படி எழுதியிருந்தீர்கள். பெரியவர் எழுதியதில் கை வைக்க மனம் வரவில்லை. ஆகவே, மாணவர் பெயரைக் கணினியில் சேர்க்கத் தாங்கள் முன்பு சொல்லித்தந்த முறைப்படி, சந்திரா என்று ஒருவரைச் சேர்த்துவிட்டேன். உடனே ஓடியது. தினமும் அவர் பெயரில்தான் நுழைகிறோம். பிள்ளைகள் திரையைப் பார்த்து ‘வணக்கம் சந்திரா சார்’ என்கிறார்கள். வரவிருக்கும் ஐந்து ஆசிரியர்களும் அவ்வாறே ஆளுக்கொரு சந்திராவைச் சேர்த்துக்கொள்ளலாமா?”

சீனி முகம்மது படியிலேயே சரிந்து சிரித்தார். பத்மாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரசேகரன் மட்டும் சன்னலைப் பார்த்தார்.

“பாஸ்வேர்ட் என்னா வச்சாங்களாம்?”

“எழுதல.”

“அஞ்சு பள்ளிக்கூடத்துலயும் நானா?” என்றவர் திரும்பினார். “ஒரு வரியில கை வைக்கக் கூடவா பயப்படுறாங்க? கை வைக்கத்தான தெறந்து குடுத்தோம்.”

“அதான் அண்ணே, அந்த வரியே இருக்கக் கூடாது.”

“சரிலா. உன்னுதையே போடு. ஆனா கீழ கடை மெஷின்ல ஓடணும். அதுக்கு நம்மள யாரையும் தெரியாது.”

கீழே இறங்கினோம். பத்மாவதி கட்டளையைத் தட்டினாள். ‘தேடுகிறேன், உண்டு, தேடுகிறேன், உண்டு’ என்ற தோரணையில் ஆங்கில வரிகள் மளமளவென்று ஓடின.

“யாருகிட்டமா இத்தன கேள்வி?” என்றார் சீனி முகம்மது.

“மெஷின்கிட்டதான், நானா,” என்றாள் பத்மாவதி. கடைக்காரரை அண்ணன் முறையில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கட்டும் வேலை முக்கால்வாசி ஆனதும் நின்றது. எழுத்துருக்களை ‘பத்மா’ என்பவரின் வீட்டில் காணவில்லையாம்.

சந்திரசேகரனின் முகம் மலர்ந்ததைக் குறிப்பேட்டில் எழுத விதி இடம் தரவில்லை. “வணக்கம் பத்மா டீச்சர்!” என்று திரையைக் கும்பிட்டார்.

“ஐயோ, ஒன்னே ஒன்னு விட்டுப்போச்சு!”

“தள்ளு, தள்ளு. நான் பாக்குறேன்.” அவரே உட்கார்ந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார், அவளே திருத்தினாள். பதினொன்றே முக்காலுக்கு நிரல் கட்டி முடிந்து திரையில் ‘அ’ வந்தது. சீனி முகம்மது அதை அச்செடுத்துக் கல்லாவுக்கு மேல் ஒட்டினார். “ரெண்டாவது பொருள், என் வாக்கு பத்மாவுக்கு,” என்றார் சந்திரசேகரன். பதிவு செய்தேன்.

அவர்கள் ஐந்து டிஸ்கெட்டுகளை நகலெடுக்க, நான் கடிதம் எழுதினேன். வழக்கமாகப் பதினோரு படிகள் சொல்வேன்; இப்போது மூன்றே மூன்று. அரைப் பக்கத்தில் முடிந்துபோனதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

“அடியில ஒன்னு சேருங்க பாகன்,” என்றார் சந்திரசேகரன். “புதுசா யாரும் சந்திராவ சேக்க வேணாம். பைராம்ல இருக்குறவர மட்டும் அழிக்க வேணாம். புள்ளைங்க வணக்கம் சொல்லட்டும்.”

அப்படியே எழுதினேன். சீனி முகம்மது கெட்டி அட்டை இரண்டை வெட்டித் தந்தார். நடுவில் டிஸ்கெட்டுகளை வைத்து, உறையை ஒட்டி, விலாசத்தை இருமுறை சரிபார்த்தேன். பன்னிரண்டு இருபதுக்குத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். முகப்பில் இருந்தவர் ஓங்கி முத்திரை குத்தப்போனார்.

“மெதுவா, அண்ணே. உள்ள அஞ்சு பள்ளிக்கூடம் இருக்கு,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மெதுவாகவே குத்தினார்.