தண்ணீர் பெற்ற வெள்ளெலிகள்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, எங்கள் மகள், என் மைத்துனர், சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளை, அவருடைய தாயார். வேறு ஒருவரும் இல்லை.

மகளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. உடம்பெங்கும் இரத்தம் கசியவைத்து ஆளைக் கொல்லும் காய்ச்சலுக்கான புதிய மருந்தை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறாள். "மருந்து கம்பெனி வேலைன்னு மட்டும் சொல்லு" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

"வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?" என்றார் தாயார்.

"பாதி எலி செத்துப்போச்சு அத்தை" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஐயய்யோ! உன் மருந்தாலயா?"

"இல்ல அத்தை. எல்லாத்துக்கும் காய்ச்சல வரவச்சோம். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. தண்ணி போட்டதுதான் செத்துச்சு."

"கையில மருந்த வச்சுக்கிட்டா தண்ணி போட்ட?"

"அப்பதானே மருந்தாலதான் மத்தது பொழைச்சுதுன்னு தெரியும்?"

மைத்துனர் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா? "பயப்படாதீங்கம்மா, காபி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். நான் பல்லைக் கடித்தேன்.

தாயார் டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலை வேண்டாம்." மாப்பிள்ளையும் தலையாட்டினார்.

"அப்ப இந்தக் கல்யாணம் வேண்டாம் அத்தை" என்று மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய மருந்து எலிகளைக் கொன்றதால் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று போய்விட்டதாக உறவினர்கள் பேசுகிறார்கள். மருந்து பெற்ற எலி ஒன்றுகூடச் சாகவில்லை. வேண்டாமென்று சொன்னவள் என் மகள்.