இருப்பில் இருந்த இரும்பு

லிஃப்ட் மெக்கானிக்கால் நாலு படி ஏற முடியவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் அவனேதான்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வச்சேன். என்னை ஓட வைக்க ஆள் இல்ல பாருக்கா" என்பான், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி.

அக்காவுக்குச் சிரிப்பு வராது. அவளுடைய சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்திருந்தது. அவன் உடம்பு தேறினால் ஆபரேஷன் செய்துவிடலாம். உடம்புதான் தேறுவேனா என்றது. முகம் வெளுத்துப்போய், பேசும்போதே மூச்சு வாங்கியது. ரத்தம் ஊறுவதற்கான ஊசியின் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள், பலன் இல்லை.

"இரும்புச் சத்து கம்மியா இருக்குமோ?" என்று கேட்டாள் அக்கா.

வார்டு டாக்டர் ரிப்போர்ட்டைக் காட்டினார். "ஃபெரிட்டின் எக்கச்சக்கமா இருக்கும்மா. இரும்பு இருப்பு நிறையவே இருக்குன்னு அர்த்தம். மேல மேல ஏத்தினா ஆபத்து."

தம்பி ஓயாமல் ஐஸ்கட்டி மென்றுகொண்டிருந்தான். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால், தாகத்துக்கு மெல்லுகிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அக்கா டம்ளரைப் பிடுங்கி வைத்துத் திட்டியும் பார்த்துவிட்டாள்.

விடுப்பு முடிந்து வந்த சிறுநீரக டாக்டர், அந்த நறநறச் சத்தம் கேட்டு அவனருகே நின்றார்.

"தாகமா?"

"இல்ல சார். மெல்லலன்னா என்னமோ மாதிரி இருக்கு. பைத்தியம்னு நினைச்சுடாதீங்க."

"இரும்பு குறைஞ்சாலும் இப்படி மெல்லத் தோணும்" என்று அவர் இன்னொரு சோதனை எழுதினார். ரத்தத்தில் ஓடும் இரும்பு அடிமட்டத்தில் இருந்தது.

"இருப்பு இருக்கு, வெளியதான் வரல" என்றார் அக்காவிடம். "உடம்புக்குள்ள புண்ணோ கிருமியோ இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். அதை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம்."

"அப்போ இரும்பு ஏத்துங்க சார்."

"டயாலிசிஸுக்காகக் கழுத்துல போட்ட குழாய்ல கிருமி சேர்ந்திருக்கு. இப்ப ஏத்தினா அதுக்கும் தீனி போட்ட மாதிரி. முதல்ல அது அடங்கட்டும்."

குழாயை மாற்றி, மருந்து ஏற்றினார்கள். அது அடங்குவதற்குள் தம்பிக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. இனி ரத்தம் ஏற்றாமல் முடியாது. ஆனால் பிறர் ரத்தம் உள்ளே போனால், அக்காவின் சிறுநீரகத்தை அவன் உடம்பு ஏற்காமல் போகலாம் என்று டாக்டர் எச்சரித்தார்.

"வேணாம்க்கா" என்றான் அவன், ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து. "உன்னோடது வீணாப் போயிடும்."

"நீ சும்மா இரு. ஏத்துங்க சார்" என்றாள்.

பிழைத்துக்கொண்டான். கிருமி அடங்கியதும் இரும்பும் ஏற்றினார்கள். முகத்தில் நிறம் வந்தது. ஐஸ் கேட்பதும் நின்றது. ஆபரேஷனுக்கு முன்பு பொருத்தத்தை மறுபடியும் பார்த்தார்கள். பொருந்தவில்லை.

"அந்த இரும்புச் சோதனையை முன்னாடியே பண்ணியிருந்தா..." என்று தொடங்கினாள் அக்கா.

சிறுநீரக டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பண்ணியிருக்கணும்மா" என்றார்.

யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வார்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள்.

"அப்பவே என்னை விட்டிருக்கலாம்லக்கா."

"வாயைக் கழுவுடா."

நர்ஸ் வந்து குழாய்களை மாட்டினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. அக்கா அவன் காலடியில் இருந்த போர்வையை இழுத்து மூடிவிட்டு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.