மாப்பிள்ளை வண்டி

மெக்கானிக் இன்று வேறு எந்த வண்டியையும் தொடவில்லை.

தங்கை புருஷனின் பைக்கைப் பின்சக்கரம் தரையில் படாதபடி சங்கிலியில் தொங்கவிட்டிருந்தான். ஓட்டியவன் இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பள்ளத்தில் இறங்கியதும் வண்டி பின்னாலிருந்து தூக்கி அடித்தது, நான் வேகமாகப் போகவே இல்லை என்று அதையே பாடிக்கொண்டிருக்கிறான். யார் நம்புவார்கள்? ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்து, இரண்டு தடவையும் இனி வேகம் போகமாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன்.

தங்கை பட்டறை வாசலிலேயே நின்றாள்.

"கழட்டிப் பாருண்ணே. வண்டில கோளாறுன்னா, அவர் காலம் பூரா படுத்துக் கிடந்தாலும் நான் பாத்துக்கறேன். வண்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். பொய்ச் சத்தியம் பண்ற ஆளோட இனிமே என்னால குப்பை கொட்ட முடியாது."

ஷாக்அப்சார்பரின் அடியில், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க்கைச் சுற்றி கிரீஸ் பச்சைப் பசேலென்று இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அவனே வைத்தது. போல்ட்டை உருவப் பார்த்தான். அசையவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தது, கூடவே துருத்தூளும். உள்ளே, லிங்க்கை அசையவிடும் பேரிங்கின் ஊசி போன்ற உருளைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செத்துக் கிடந்தன. லிங்க் அசைந்தே மாதக்கணக்காகியிருக்கும். ஷாக்அப்சார்பர் அமுங்காத வண்டி பள்ளத்தில் தூக்கி அடிக்காமல் என்ன செய்யும்?

பாவி! வெளியாள் வண்டி என்றால் லிங்க்கை முழுசாகக் கழற்றி, ஊசி ஊசியாகத் துடைத்து கிரீஸ் அடைப்பான். மாப்பிள்ளை வண்டிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று வெளியே மட்டும் தடவிவிட்டு, "ஜம்முனு இருக்கு மாப்ள" என்று முதுகில் தட்டி அனுப்பியிருந்தான்.

"என்னண்ணே, கோளாறு ஏதும் இருக்கா?"

உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவளே கிட்ட வந்து லிங்க்கின் வெளிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நீ வச்ச கிரீஸ் அப்படியே இருக்கே."

"ஆமா" என்றான். "வண்டில ஒண்ணும் இல்ல."

அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவன் துருவைச் சுரண்டி எடுத்தான். புது பேரிங் பிரித்து, ஒவ்வொரு ஊசிக்கும் இடையில் விரலால் கிரீஸை அழுத்தி அடைத்தான். இனி யாரும் ஓட்டப்போகாத வண்டிக்கு, குறை சொல்லவே முடியாத வேலை.

போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை புருஷன்.

"மச்சான், கழட்டிப் பாத்துட்டியா? அவகிட்ட சொல்லு மச்சான். நான் சொன்னாதான் நம்பமாட்டா. நீ சொன்னா நம்புவா."