இடது கண்ணாடியின் மோட்டார்

“அப்பா, ஊசி அத்தையோட காருக்கு ஒரு காது மட்டும் ஏன் தானா மடங்க மாட்டேங்குது?”

ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு மகள் கேட்டாள். கார் எலக்ட்ரீஷியனான அவள் அப்பா எழுந்து வந்து பார்த்தான். கீழே மழை. அவன் மச்சானின் உடைந்த காலுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸ், காரை நிறுத்திக்கொண்டிருந்தார். சுவரை ஒட்டி நிறுத்தினால்தான் மற்ற வண்டிகள் போக முடிகிற தெரு. வலது கண்ணாடி பொத்தானை அழுத்தியதும் மடங்கியது. இடதுக்கு அவர் இறங்கிச் சுற்றி வந்தார். கடந்துபோன வேன் ஒன்று அவர் மேல் சேற்றை வாரியடித்தது. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தள்ளி மடக்கி, மறுபடி ஏறி, வண்டியைச் சுவரோரம் ஒதுக்கினார்.

“மோட்டார் கெட்டுப்போச்சுடா கண்ணு.”

கெடவில்லை. அது அவன் காரில் இருந்தது.

போன மாதம் முழுக்க அவனுக்கு ஒரே பித்து. தன் கார் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்சுப் பலகை. தொட்டால் புரண்டு வெளியே வர வேண்டும், மறுபடி தொட்டால் இருந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விட வேண்டும். பலகையையும் கீலையும் அவனே அறுத்து, ராவிச் செய்தான். மோட்டார்தான் அமையவில்லை. வைப்பர் மோட்டார் பலகையால் முட்டியில் அறைந்தது. பொம்மைக் காரின் மோட்டாருக்குத் தெம்பில்லை. அந்தச் சமயத்தில் நர்ஸின் கார் பேட்டரி மாற்ற வந்தது. கண்ணாடியை மடக்கும் மோட்டார் சின்னது, வலுவானது, இரு முனையிலும் தானே நிற்கும். அதைக் கழற்றிக்கொண்டு, பழைய சாமான் பெட்டியில் கிடந்த எரிந்த மோட்டார் ஒன்றை உள்ளே வைத்து மூடினான். சீக்கிரமே புதுசு வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தான். நினைப்பதற்குச் செலவில்லை.

“இடது பக்கம் மோட்டார் போச்சு சிஸ்டர்” என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அப்படியே நம்பினார்.

நனைந்த தலையைத் துடைத்தபடி நர்ஸ் உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்த மச்சானுக்கு வாய் மட்டும் உடையவில்லை.

“என்ன சிஸ்டர், குளிச்சிட்டு வர்றீங்க? எங்க மாப்பிள்ளை காருல சுவிட்செல்லாம் பல்டி அடிக்குது. உங்க கண்ணாடிய மடக்கித் தர மாட்டாராமா?”

“சும்மா இருங்க. அவரு உள்ளத உள்ளபடி சொன்னாரு. வேற கடையா இருந்தா ரெண்டு பக்கமும் மாத்தணும்னு தலையில கட்டியிருப்பாங்க. கால நீட்டுங்க.”

அவன் பிடித்திருந்த கிண்ணம் சாய்ந்து வெந்நீர் தரையில் சிந்தியது.

“ரத்தம்னா பயமா தம்பி? அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, நான் பாத்துக்கறேன்.”

“கால் என்னோடது, மயக்கம் அவருக்கா!” என்றான் மச்சான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பிறர் நம்பிக்கையைத் திருடியவனுக்குக் கடவுள் தனியாகத் தண்டனை எழுத வேண்டியதில்லை. அவர்கள் தொடர்ந்து நம்பினாலே போதும்.

நர்ஸ் கிளம்பியபோது படிக்கட்டில் அவர் பின்னாலேயே இறங்கினான்.

“நாளைக்கு வண்டியக் கடையில விட்டுட்டுப் போங்க சிஸ்டர். அந்தக் கண்ணாடிய இன்னொரு தடவ பாக்கறேன்.”

“போனது போனதுதானே தம்பி? எதுக்கு வீண் வேலை?”

“இல்ல சிஸ்டர். அன்னைக்கு நான்…” படிக்கட்டுக் கைப்பிடியில் இல்லாத தூசியைத் தட்டினான். “சரியாப் பாக்கல.”

“அதனால என்ன? எனக்குங்கூட ஒரொரு நாள் ஊசி ரெண்டு தடவ குத்த வேண்டியிருக்கு” என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெரு நோயாளியைப் பார்க்க நடந்தே போனார். அவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். முதலில் தன் காரின் பலகையைப் பிரித்தான். மோட்டார் போனதும் அது நாக்கைத் தொங்கப்போட்டதுபோல் சரிந்தது, அப்படியே விட்டான். நர்ஸின் கண்ணாடியை நெம்பி எடுத்து, எரிந்த மோட்டாரைக் கழற்றினான். அவருடையதை அவருடைய இடத்தில் வைத்துத் திருகுகளை முடுக்கினான். உள்ளே தேங்கியிருந்த மழைநீரையும் சேற்றையும் துணியால் ஒற்றி எடுத்தான்.

அவர் நன்றி சொல்வார். உண்மையைச் சொல்லத் துணியாததற்குக் கூலியாக அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றாக மடங்கின. இன்னொரு முறை அழுத்தி விரித்து வைத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினான்.