கொழுந்தைப் பார்க்காத கம்பனி

மெயில் வந்த வெள்ளிக்கிழமை நான் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். மூன்று வருடமாக எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து சமையல் வீடியோ போட்டு, 'லயத்து அடுப்படி' சேனலுக்கு நாற்பத்தோராயிரம் பேரைச் சேர்த்தவள் சோற்றைக் கரியாக்கினேன் என்று சொல்ல வெட்கம்தான். ஆனால் மெயில் அப்படி. வெளிநாட்டுத் தேயிலைக் கம்பனி ஒன்று, நல்ல தமிழில், "மதிப்புக்குரிய வினோதா அம்மையார் அவர்களுக்கு" என்று எழுதியிருந்தது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினான்கு வருடம் கொழுந்து பறிக்கிறேன். என்னை யாரும் அம்மையார் என்று கூப்பிட்டதில்லை.

அவர்களுடைய தேயிலையை என் வீடியோவில் காட்ட வேண்டுமாம். ஒரு பெண் கொழுந்து பறிக்கும் விளம்பரப் படத்தில் என் பெயரையும் போட்டு மெயிலில் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு ஃபைல் வந்திருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, என் சேனலுக்குள் நுழைந்து, 'அனுமதி' என்று அழுத்தினால் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

ஹட்டனில் கேக் செய்து போடும் ஒரு பெண் இப்படி ஒரு ஃபைலைத் திறந்துதான் சேனலைப் பறிகொடுத்தாள். மறுநாள் அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஏதோ வியாபாரம் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கதை எனக்குத் தெரியும். சரியான ஏமாளி என்று சிரித்தும் இருக்கிறேன். ஆனால் தேயிலைக் கம்பனி எனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஜீவராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வாயில் எதுவும் தங்காது. சனிக்கிழமை காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனபோது எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. என் பக்கத்து நிரையில் பறிக்கும் நாகலெட்சுமி ஓடி வந்தாள்.

"ஏண்டி, விளம்பரத்துல கொழுந்து எடுக்கப்போறது நான்தானே? கல்யாணச் சேலைய எடுத்து வெயில்ல போட்டுட்டேன்."

அன்று மத்தியானம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சோலைமலை வழக்கம்போல என் கொழுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டார். நாலு முத்தல் இலையை எடுத்து எறிந்தார். ஈரம் என்று சொல்லி இரண்டு கிலோ கழித்தார்.

"வெளிநாட்டுக் கம்பனியே என்னைய அம்மையார்னு கூப்புடுது, நீங்க நாலு இலைக்கு நிக்கிறீங்க!" என்று கத்திவிட்டு வந்தேன்.

சாயந்தரம் ஜீவராஜின் ஆட்டோவில் டவுனுக்குப் போனோம். நாகலெட்சுமியும் ஏறிக்கொண்டாள். கம்யூனிகேஷன் கடையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஒருவர் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் நாகலெட்சுமி என் போனைப் பிடுங்கி, மெயிலில் இருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தாள்.

"என்னாடி இது? கூடைக் கயித்தத் தோள்ல மாட்டியிருக்கா. தலையில போட வேணாமா? ஒத்தக் கையில கிள்ளுறா, மல்லிகைப்பூப் பறிக்கிற மாதிரி. அதுவும் கொழுந்து இல்ல, அடி இலை!"

இருபது தடவை பார்த்த படம். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை, என் பெயர் மட்டும்தான் தெரிந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "விளம்பரக்காரனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?" என்றேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. உங்கள் படத்தில் பறிப்பது தப்பு, மாற்றினால்தான் வருவேன் என்று கோபமாகவே எழுதி அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "தாராளமாக, அம்மையார்! உங்கள் விருப்பம். முதலில் ஃபைலைத் திறந்து அனுமதி தாருங்கள்."

விண்ணப்பக்காரர் எழுந்துவிட்டார். ஜீவராஜ் எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவ்வளவு சுலபமாக யாரும் என்னிடம் சரி என்று சொன்னதே இல்லை. இன்னொன்று எழுதினேன்: "வீடியோவில் உங்கள் தேத்தண்ணியை என் ஆடுதான் குடிக்கும். நான் குடிக்க மாட்டேன்."

"மிக அருமையான யோசனை, அம்மையார்! ஃபைலைத் திறந்தீர்களா?"

எனக்குச் சோலைமலையின் கை ஞாபகம் வந்தது. கொழுந்து வேண்டும் என்பவர் கையை விட்டுப் பார்ப்பார், குறை சொல்வார், கழிப்பார். இவனுக்கு என் வீடியோவில் யார் குடித்தால் என்ன, ஆடு குடித்தால் என்ன. இவனுக்குத் தேவை அந்த அனுமதி ஒன்றுதான். அப்போதுதான் அனுப்பியவனின் முகவரியைப் பார்த்தேன். கம்பனியின் பெயர் மருந்துக்கும் இல்லை, வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. ஒரு அழுத்தில் மூன்று வருடம் போயிருக்கும்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"அப்போ என் சேலை?" என்றாள் நாகலெட்சுமி.

அவள் கேட்டதும் நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம் வீடியோவை. நாகலெட்சுமி கல்யாணச் சேலையில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கள்ள மெயிலின் படத்தில் என்னென்ன தப்பு என்று காட்டினாள். நான் அந்த முகவரியைக் காட்டினேன். ஆடு தேத்தண்ணியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஹட்டன் பெண்ணுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டேன், வீடியோவிலேயே.

திங்கட்கிழமை மடுவத்தில் சோலைமலை என் கொழுந்துக்குள் கையை விட்டார்.

"என்னா வினோதா, சத்தத்தையே காணோம்?"

"நல்லா உள்ள விட்டுப் பாருங்கண்ணே" என்றேன்.

அவர் நல்லா விட்டுப் பார்த்து, மூன்று கிலோ கழித்தார். அப்புறம் சண்டை போட்டேன்.