இரண்டு நரிகளின் பெட்டி

ஹென்னிங் யாரோ ஒருவருடைய வீட்டு நிலவறையில், கொதிகலனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த திருகாணி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. கையெல்லாம் கரி. இரண்டு விரல்களால் அதை வெளியே இழுத்து, மூக்கு நுனியால் தொட்டுத் திறந்தான். ‘இரண்டு நரிகள் ஒளித்த பெட்டி இன்றோடு ஓய்வு பெறுகிறது. தேடி வந்த எல்லோருக்கும் நன்றி.’ எழுதியது கெஸீனா. இரண்டு நரிகளில் ஒன்று அவள். மற்றொன்று அவன்.

காட்டில் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. கல்யாணம் அலுக்கத் தொடங்கிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று இருவரும் ஊருக்கு மேலே மலைக்காட்டில் ‘இரண்டு நரிகள்’ என்ற பெயரில் ஒரு பெட்டியை வைத்தார்கள். கல்யாணம் தப்பவில்லை. பெட்டி தப்பிவிட்டது. வீடு, கார், நாய் என்று எல்லாவற்றையும் வக்கீல்கள் உட்கார்ந்து பிரித்தபோது அதை யாரும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் இருந்த பேச்செல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான். ‘தாள் நனைஞ்சிருச்சாம்’ என்று அவளிடமிருந்து வரும். ‘சனிக்கிழமை போறேன்’ என்று இவன் அனுப்புவான். பனிக்காலத்தில் காட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் வராது. அப்படியொரு பனிக்காலத்தில், மலைக்கே போகாமல், ‘மூடி மாத்திட்டேன்’ என்று அவனாகவே ஒரு செய்தி அனுப்பினான். ‘நல்லது’ என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லோடு அன்று மாலை முழுவதையும் ஓட்டினான்.

கொதிகலனுக்கு அடியில் படுத்தபடியே அவளை அழைத்தான்.

“என்னைக் கேக்காம எப்படி மூடுவ?”

“மரத்தையெல்லாம் வெட்டுறாங்க ஹென்னிங். வண்டு அரிச்சு முழுக்கப் பட்டுப்போச்சு.”

“வேற எடத்துல வைப்போம். நான் பாத்துக்கறேன்.”

“பெட்டிக்கு ஒண்ணுன்னா உனக்குச் சொல்றது யாரு? நான் ஹூஸும்ங்கற ஊருக்குப் போறேன். கடலோரம். அங்க கண்ணாடிக் கடையில வேலை கிடைச்சிருக்கு. இந்த மாசக் கடைசில கிளம்பணும்.”

அவன் தலைக்கு மேலே இருந்த குழாய்களைப் பார்த்தான். “அங்க ஒரே காத்தா இருக்குமே,” என்றான். சொல்ல வந்தது அது இல்லை.

“அப்படியே விட்டா பெட்டி வெறும் குப்பைதான். எடுத்துடணும். நீ போறியா?”

“ரெண்டு பேரும்தானே வச்சோம்,” என்றான்.

சனிக்கிழமை காலை அவள் காரில் போனார்கள். பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டி, ஃபிளாஸ்க்கில் காபி என்று அவன் கட்டிக் கொண்டுவந்திருந்தான். அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு ஏறும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. பேசினால் நின்றுகொள்ளலாம் என்று பேசினான்.

“ஒரு தடவை மூடி மாத்திட்டேன்னு சொன்னேன்ல. மாத்தல.”

“தெரியும். அப்புறம் வந்தவங்க போட்டோ போட்டிருந்தாங்க. அதே பழைய பச்சை மூடி.”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா அடுத்த தடவை அனுப்பமாட்ட,” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

மேலே காடு இல்லை. இருட்டாக நின்ற இடமெல்லாம் வெளிச்சமாகக் கிடந்தது. உரித்த அடிமரங்களைப் பாதையோரம் வீடு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். கைப்பேசி காட்டிய இடத்தில் மரத்தூளும், சக்கரம் உழுத சேறும், ஒடிந்த கிளைகளுந்தான்.

“இங்கதான்னு காட்டுது,” என்றாள் கெஸீனா.

“உன் கைப்பேசி என்னைக்குச் சரியாக் காட்டியிருக்கு? அன்னைக்கு நம்மள ஆட்டுப்பட்டிக்குள்ள கொண்டுபோய் விட்டுச்சே.”

“ஆடு உன் தொப்பியத் தின்னுச்சு.” அவள் சிரித்துவிட்டாள்.

“பாதிதான்.”

அவர்கள் வெகுநேரம் தேடினார்கள். ஹென்னிங் முட்டிபோட்டுக் கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான். பிறகு இரண்டு கைகளாலும் சேற்றைத் தோண்டத் தொடங்கினான்.

“போதும் விடு ஹென்னிங்.”

“குப்பையாக் கிடக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன!” முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெஸீனா அவன் பக்கத்தில் முட்டிபோட்டு, அவளும் தோண்டினாள்.

“டப்பாவையா தேடறீங்க?”

பாதை முனையில் மரம் வெட்டும் எந்திரம் ஒன்று நின்றது. ஓட்டுநர் தொட்டிலில் உட்கார்ந்ததுபோல் அதற்குள் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். “வெட்டறதுக்கு முந்தி வேருக்குள்ள பாத்தேன். என் பொண்டாட்டிக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. இதை நசுக்கியிருந்தா என்னை வீட்டுக்குள்ள விட்டிருக்கமாட்டா. அந்த நரிங்க நீங்கதானா?”

“நாங்கதான்,” என்றாள் கெஸீனா. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ‘நாங்க’ என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததை ஹென்னிங் கவனித்தான்.

“நான் ஒரு பேர் எழுதிக்கட்டா? அவ பேரு. மூடிட்டா கணக்குல வராதோ?”

“வரும், எழுதுங்க.”

அவர் அடிமரத்தின்மேல் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி எழுதினார். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருவரும் அங்கேயே உட்கார்ந்து பெட்டியைக் கவிழ்த்தார்கள். கோலிகள், ரப்பர் தவளை, எதற்கென்று தெரியாத சாவி ஒன்று. கெஸீனா தவளையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கோலிகளை அவள் பக்கம் தள்ளினான். சாவி கொஞ்ச நேரம் நடுவில் கிடந்தது. பிறகு அவன் எடுத்துக்கொண்டான். கடைசியில் ஒரு மரப் பொம்மை நத்தை. பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் பயணம் போகவென்று யாரோ அனுப்பியது. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் ‘எனக்குக் கடல் பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது.

“பாவம், எவ்வளவு நாளா இங்கயே கிடந்துச்சோ,” என்றாள்.

“நீ கூட்டிட்டுப் போ.”

அவள் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். “போய்ச் சேந்ததும் சொல்லணுமில்ல. யாருக்குச் சொல்றது?”

“எனக்குச் சொல்லு,” என்றான். இந்தத் தடவை சொல்ல வந்ததையே சொல்லிவிட்டான். அவள் ரொட்டியைப் பிட்டு, வெங்காயம் அதிகமாக இருந்த பாதியை அவனிடம் நீட்டினாள்.

மரங்கள் நின்றபோது இங்கிருந்து ஊர் தெரிந்ததே இல்லை. இப்போது கூரை கூரையாகத் தெரிந்தது. அவர்கள் விற்ற வீட்டை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். மாடியில் யாரோ ஒரு பெண் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று போட்டதும் காற்று அதை உப்ப வைத்தது. அவள் அதைப் பிடித்து அடக்கிவிட்டு, குனிந்து அடுத்ததை எடுத்தாள்.