லீவர் ‘பி’யில்தான் இருந்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு விழுந்த திட்டில் பிறந்தது.

என் தொடர்கதையின் பதினோராம் அத்தியாயத்தில், கதாநாயகன் ஆட்டோமேட்டிக் கியர் லாரியில் தாவி ஏறி ‘கிளட்சை மிதித்தான்’. இதழ் வந்த அன்றே ஒரு பெண் போன் செய்தார்.

“ஆட்டோமேட்டிக் வண்டியில ஏதுங்க கிளட்ச் பெடல்? உங்க ஆளு வெறும் தரையைத்தான் மிதிச்சிருப்பான்.”

அவர் லாரி மெக்கானிக். மன்னிப்புக் கேட்க அவருடைய ஷெட்டுக்குப் போனேன். ஒரு ஆறு நிமிடத்தைப் பற்றிச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (கதைக்குள் ‘அக்கா’, ‘அவள்’ என்று எழுத அனுமதி வாங்கிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: ‘இடி இடித்தது. மின்னல் வெட்டியது. அந்த லாரி மட்டும்

(வேண்டாம். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.)

இரண்டாவது: ‘அக்கா கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்தாள். கறுப்பு. தீய்ந்த வாடை. அவளுக்கு எல்லாம்

(இதுவும் தப்பு. ஆயில் நல்ல சிவப்பாகவே இருந்ததாம். தீய்ந்திருந்தால் கியர் வழுக்கும். இங்கே புகார் வேறு.)

சரி, நேராகவே வருகிறேன்.

இருபத்திரண்டு வயது லாரி. அதை ஓட்டுபவன் அக்காவின் தம்பி. நான்கு நாளுக்கு முன் ஒரு கிடங்கு வாசலில், லேசான சரிவில் நிறுத்தினான். எஞ்சினை ஓடவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்க உள்ளே போனான். ஆறு நிமிடம். லாரி தானாகப் பின்னால் உருண்டது. பின்னால் நின்ற லோடுமேனின் கால் நசுங்கிவிட்டது.

“லீவரை பார்க்குல போட்டுட்டுத்தான் இறங்கினேன்” என்றான் தம்பி. ‘பி’ என்று எழுதிய இடம். அங்கே போட்டால் கியர்பெட்டிக்குள் ஒரு கொக்கி விழுந்து வண்டியைப் பூட்டிவிடும். அதற்கு அடுத்த இடம் ரிவர்ஸ்.

“போடவே இல்ல, புளுகுறான்” என்றார் லாரி முதலாளி. மாலைக்குள் போலீஸில் அப்படியே எழுதிக் கொடுக்கப்போகிறார். கொடுத்தால் தம்பி உள்ளே.

3

இந்தத் தம்பியை நான் நம்பவில்லை. தொழில் புத்தி. கடைசிப் பக்கத்தில் அவனே பொய்யன் என்று போட்டால் வாசகர் துள்ளி எழுவார்.

சங்கடம் என்னவென்றால் அக்காவும் நம்பவில்லை. போன வருஷம் பின்விளக்கை உடைத்துவிட்டு, ‘யாரோ இடிச்சிட்டுப் போயிட்டான்’ என்று அவளிடமே கதை விட்டவன்தானே!

லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். லீவரையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கம்பியின் மூட்டில் புஷ் என்று ஒரு சின்ன வளையம் உண்டு. அது தேய்ந்து தொளதொளத்திருந்தது. லீவர் ‘பி’யைக் காட்டும், உள்ளே கொக்கி முழுசாக விழாமல், பல்சக்கரத்தின் விளிம்பில் தொத்திக்கொண்டு நிற்கும். சூடான எஞ்சின் உதறினால் நழுவி ரிவர்ஸுக்குப் போகலாம்.

போகலாம். போனதா?

“பழைய வண்டின்னா தேய்மானம் இருக்காதா? இத்தனை வருஷம் நானும்தான் ஓட்டினேன்” என்றார் முதலாளி. “அதுவுமில்லாம நீ அவனுக்கு அக்கா. நீயே ராவி வெச்சிருக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?”

அக்கா கையைத் துணியில் துடைத்தாள். “அப்ப நிறுத்திப் பாத்துடுவோம். நான் தொட மாட்டேன், தம்பியும் தொட மாட்டான். நீங்களே பார்க்குல போடுங்க.”

4

ஷெட் வாசலில் அதே மாதிரிச் சரிவு. லாரி நிற்கப்போகும் இடத்துக்குப் பன்னிரண்டு அடி பின்னால் பழைய டயர்களை அடுக்கினாள். எஞ்சின் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார் முதலாளி. லீவரை ‘பி’யில் தள்ளிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

“ஹேண்ட்பிரேக்?” என்றாள் அக்கா, வேண்டுமென்றே.

“அது அறுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு.”

ஒரு நிமிடம். லாரி உறுமிக்கொண்டு நின்றது.

இரண்டு. முன்கண்ணாடி கிடுகிடுத்தது. தம்பி ஷெட் கேட் பக்கத்தில் சிலை மாதிரி நின்றான்.

மூன்று. நான்கு. (நான்காவது நிமிடத்தில் ஒரு பூனையைக் குறுக்கே ஓடவிட்டிருந்தேன். மலிவான வித்தை, அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஐந்து. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது! இன்னும் என்ன நாடகம்?” என்றபடி லாரிக்கும் டயர் அடுக்குக்கும் நடுவில் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். “இதோ நிக்கிறேன். வரச் சொல்லு பாப்போம்!”



ஓடியது தம்பி. கேட்டிலிருந்து பாய்ந்து வந்து, முதலாளியைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தான். இரண்டு பேர் முழங்கையும் சிராய்த்தது.

லாரி அசையவில்லை.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். லாரி உருண்டது. உருளவில்லை. உருண்டது, ஆனால்

மூன்றையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். “நான் சாவியைத் திருப்பினதை எங்க விட்டீங்க?” என்றாள்.

ஆமாம். அவள் நேராகப் போய் எஞ்சினை நிறுத்தினாள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள்.

“ஏம்மா நிறுத்தின? இன்னும் ஆறு நிமிஷம் ஆகல! உருளவும் இல்ல!” முதலாளி மண்ணைத் தட்டிக்கொண்டே கத்தினார்.

“எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு லீவரைப் போடாம இறங்கினவனா இருந்தா, பார்க்குல போட்ட வண்டி இன்னிக்கு நகராதுன்னு அவனுக்குத்தானே நல்லாத் தெரியும்? எதுக்கு ஓடி வரணும்?”

“நடிக்கிறான்!”

“அப்படியா? இந்தாங்க சாவி. ஸ்டார்ட் பண்ணி, பார்க்குல போட்டுட்டு, கட்டையை எடுத்துட்டு, அதே இடத்துல போய் நில்லுங்க. இந்தத் தடவை அவனை நான் பிடிச்சுக்கறேன்.”

முதலாளி சாவியை வாங்கினார். லாரியைப் பார்த்தார். தான் நின்ற இடத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் புகார்க் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. தம்பி பொய்யனா என்று மூன்றாம் பகுதியில் என்னோடு சேர்ந்து நீங்களும் சந்தேகப்பட்டீர்கள். இப்போது சாவி உங்கள் கையில். லீவரை அழுத்தி ‘பி’யில் போடுங்கள். இறங்குங்கள். பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

நான் இங்கிருந்து நிமிடத்தை எண்ணுகிறேன்.